காய்ச்சல் இல்லாத பிள்ளைகள்

கைக்குழந்தையை யார் தூக்கிக்கொண்டு வந்தாலும் ஊரில் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மூக்கு யாரைக் கொண்டிருக்கிறது, நிறம் யாருடையது என்று பேசுவார்கள். அவர் அப்படி ஒரு குழந்தையின் முகத்தை முதலில் பார்த்து நான் கண்டதில்லை. இடுப்புத் துணியை விலக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுக்கு எப்படிப் போறான்? தாரையாப் போறானா, சொட்டுச் சொட்டாப் போறானா?" என்று கேட்பார். அதற்குப் பதில் வந்த பிறகுதான் பெயர் என்ன என்று விசாரிப்பார்.

போடியில் எல்லோருக்கும் அவர் லேப்பு அக்கா. நான் நர்ஸாக வேலை பார்க்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இரண்டு அறைகளில், இரத்தமும் மூத்திரமும் சோதிக்கிற அவருடைய லேப்பு இருந்தது. சந்து முழுக்க ஏலக்காய்க் கடைகள். மூட்டை பிரிக்கிற நாட்களில் நோயாளிகள் மேல்கூட ஏலக்காய் வாசம் அடிக்கும். அவருடைய கதவைத் திறந்தால் மட்டும் ஸ்பிரிட்டும் மூத்திரமும் கலந்த நெடி வரும். ஐம்பதை நெருங்கிய வயது. கழுவிக் கழுவி விரல் நுனிகளெல்லாம் வெடித்திருக்கும். முந்தின நாள் சூடுபெட்டிக்குள் வைத்த கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்ந்திருக்கிறதா என்று பார்த்து முடிக்காமல் காலையில் டீ குடிக்க மாட்டார். நான் டம்ளரை நீட்டினால், "அங்கிட்டு வையி ஆத்தா. யாரு பிள்ளைக்கு என்ன வந்திருக்குன்னு தெரியாம எனக்கு டீ எறங்குமா?" என்பார்.

அவர் கைப்பையில் எப்போதும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள் இருக்கும். குழந்தையின் தொடையிடுக்கில் ஒட்டிவிட்டால் மூத்திரம் அதில் சேரும். ஒரு காதுகுத்து வீட்டில், மாமன் மடியில் உட்காரவைத்திருந்த பிள்ளைக்கு அதை ஒட்டப் போய்ப் பெரிய ரகளை ஆனது. "விசேச வீட்டுல என்னம்மா சோலி இது?" என்று மாமன்காரர் கத்தினார். அக்கா கோபப்படவில்லை. "ஒரு சொட்டுதாண்ணே. இன்னிக்குப் பாத்துட்டா நாளைக்கு அழ வேண்டாம்" என்று கெஞ்சினார். மொய் எழுதுகிற இடத்தில் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

அவருக்கு ஒரே மகன். பன்னிரண்டு வயதில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போனதாகக் கண்டுபிடித்தார்கள். வாரம் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக மதுரைக்குக் கூட்டிப்போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். பதினான்கு வயதில் அவன் போய்விட்டான். பச்சைப் பிள்ளையாக இருந்தபோது மூத்திரப்பையில் சேர்ந்த கிருமி மேலே ஏறித் தழும்பாகிவிட்டது, யாரும் பார்க்கவில்லை என்று மதுரை டாக்டர்கள் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவர் வாயில் ஒரே பேச்சுதான். "அது சத்தமில்லாம வரும் ஆத்தா. பிள்ள சிரிச்சுக்கிட்டே இருக்கும். உள்ள தின்னுக்கிட்டே இருக்கும். நல்லா இருக்கிற பிள்ளையத்தான் பாக்கணும்."

எங்கள் பெரிய டாக்டருக்கும் அவருக்கும் இதில்தான் சண்டை. டாக்டர் அதிகம் பேசாதவர். ஒரு புதன்கிழமை தடுப்பூசி வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் அக்கா பை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் நிறுத்தச் சொன்னார்.

"பையில வர்றது பாதி தோல்ல இருக்கிற அழுக்கும்மா. மீதியில நெசமாவே கிருமி இருந்தாலும், காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு அது பாட்டுக்கு இருந்துட்டுப் பெரும்பாலும் தானாப் போயிரும். நீ மருந்தக் குடுத்து அதை வெரட்டுனா அந்த எடத்துக்கு முரட்டுக் கிருமி வந்து ஒக்காரும். காய்ச்சல் வந்தா விடாத. காய்ச்சல் இல்லையா, தொடாத."

"என் பிள்ளையவும் இப்படித்தான் சார் ஒருத்தரும் தொடல" என்றார் அக்கா.

டாக்டர் தன் அறைக்குள் போய்விட்டார். மகனைப் பறிகொடுத்தவரிடம் என்ன வாதாட முடியும்? ஊரில் பலரும் அக்கா பக்கம்தான் நின்றார்கள். நானும் நின்றேன்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்கு முகாம் நடத்த அவராகவே ஒரு தோட்டத்து முதலாளியைப் பிடித்து ஏற்பாடு செய்தார். ஐஸ் பெட்டி, பைகள், பஞ்சு, சீட்டுகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். ஜீப்பு ஓட்டியது என் வீட்டுக்காரர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஏழு மாத மகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அவள் கைதட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு அந்த மனுஷியைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போயிருக்கும். மேலே மேகம் இறங்கி நல்ல குளிர். ஒவ்வொரு குழந்தையைத் தொடுவதற்கு முன்னாலும் வெடித்த உள்ளங்கைகளைத் தேய்த்து, வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டார். ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவி, "ஸ்ஸ்ஸ்" என்று மெதுவாக ஓசை கொடுத்துக்கொண்டே இருப்பார். பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டு கிடக்கும். அதுவரை அந்த லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரு டாக்டரோ நர்ஸோ தேடி வந்தது கிடையாது என்று பெண்கள் சொன்னார்கள். செல்வி என்று ஒருத்தி, காயெடுப்பிலிருந்து நேராக வந்தவள், சேறு அப்பிய காலோடு ஐந்து மாத மகனை நீட்டினாள்.

"கொழப்பம் ஒண்ணுமில்லையே அக்கா? நல்லாத்தான் பால் குடிக்கிறான்."

"நல்லா இருக்கிறதுனாலதான் ஆத்தா பாக்குறேன்."

திரும்பும்போது என் மகளுக்கும் ஒரு பை ஒட்டினார். நான்தான் மடியில் கிடத்திக் காலை விலக்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மதியம் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சாவுச் செய்தி சொல்கிற குரல்.

"மேல ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கு. ஒன் மகளுக்கும் இருக்கு ஆத்தா."

வீட்டுக்குப் போனபோது மகள் கரண்டியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று தோன்றியது. டாக்டரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும், அதனாலேயே கேட்கவில்லை. அக்கா எழுதிக்கொடுத்த கடிதத்தோடு மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பத்து நாள் மருந்து. மறுபடியும் பை, மறுபடியும் கிருமி, இந்த முறை வேறு கிருமி. வேறு மருந்து. மகளுக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. வாயெல்லாம் வெள்ளையாகப் படர்ந்து பால் குடிக்க முடியாமல் அழுதாள். மூன்றாவது மருந்தும் முடிந்த பிறகு, எங்காவது அமைப்பிலேயே கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, மூத்திரத் துவாரத்தில் குழாய் விட்டு மருந்தேற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்கள். "நீங்க நர்ஸ்தானே, நீங்களே காலைப் பிடிச்சுக்குங்க" என்றார்கள். பிடித்துக்கொண்டேன். அவள் என்னைத்தான் பார்த்து அலறினாள்.

ஒரு கோளாறும் இல்லை, இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன என்று முடிவு வந்தது. குழாய் விட்ட மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. பிறந்ததிலிருந்து அவளுக்கு வந்த முதல் காய்ச்சல் அதுதான். உடம்பு அனலாகக் கொதித்தது, தலையைத் தூக்கவில்லை. குழாயோடு சேர்ந்து உள்ளே போன கிருமி. ஐந்து நாள் ஊசி மருந்து ஏற்றி மீட்டார்கள்.

அந்த ஐந்து நாளும் அக்கா லேப்பை மூடிவிட்டு மதுரையில் என்னோடு கிடந்தார். மகளின் துணிகளை அலசினார், என் தலையை வாரிவிட்டார், ஊட்டிவிடாத குறையாகச் சாப்பிட வைத்தார். அவரை வெறுக்க எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவர் வெறுக்கவிடவில்லை. ஆனால் கிளம்புகிற அன்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"பாத்தியா? குழாய் விட்டுப் பாத்ததுனாலதான கிட்னி நல்லா இருக்குன்னு தெரிஞ்சிச்சு."

மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்சில் ஏறினேன். பெரிய டாக்டர் என்னைத் திட்டவில்லை. காகிதங்களையெல்லாம் படித்துவிட்டு, "சும்மா விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் பெரிய டாக்டர் தன் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். அவருக்குப் பதிலாகப் படிப்பு முடித்து வந்த ஒரு சின்ன டாக்டர் உட்கார்ந்திருந்தார். செல்வி மலையிலிருந்து மகனைக் கொண்டுவந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை.

"யூரின் பாத்துரலாமா சிஸ்டர்?" என்று சின்ன டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

செல்வி மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள் முகாமில் கொடுத்த சீட்டு. கிருமி இல்லை என்று எழுதி அக்காவின் முத்திரை.

"அதெல்லாம் பாத்தாச்சு சார். சுத்தம்னு சீட்டு இருக்கு" என்றேன்.

எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் சுத்தமாக இருந்தது என்பதால் இன்றைக்கும் சுத்தமாக இருக்கும் என்று ஆகாது. காய்ச்சல் வந்தால் விடாதே என்று பெரிய டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவள் நான். ஆனால் அந்தச் சின்ன உடம்பைப் பார்த்ததும் என் மகள் அலறியதுதான் நினைவுக்கு வந்தது. இன்னொரு பிள்ளையை அந்தப் பாதையில் ஏற்றிவிட மாட்டேன் என்று நினைத்தேன். காப்பாற்றுவதாகவே நினைத்தேன். காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பினோம். நான்கு நாள் கழித்து மறுபடியும் வந்தாள். அப்போதும் நான்தான் சீட்டைக் காட்டினேன்.

மூன்றாவது முறை வந்தபோது பிள்ளை தோளில் துணி மாதிரி தொங்கினான். அன்று பெரிய டாக்டர் திரும்பியிருந்தார். பிள்ளையைத் தொட்டுப் பார்த்ததுமே, "யூரின் எங்க?" என்று கேட்டார். தண்ணீர் விட்டுச் சுத்தமாகக் கழுவி, பை ஒட்டாமல், நடுவில் வருகிற மூத்திரத்தை மட்டும் டப்பாவில் பிடித்தோம். பால் கலந்த தண்ணீர் போல இருந்தது. உடனே தேனிக்கு அனுப்பினார். பிள்ளை பிழைத்தான். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடதுபக்கச் சிறுநீரகம் தழும்பேறிச் சுருங்கியிருந்தது.

பிள்ளையைத் தேனிக்கு அனுப்பிய கையோடு நான் லேப்புக்குப் போனேன். அக்கா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "ஒரு தடவ எடுத்தாப் பத்தாது. மாசா மாசம் எடுத்திருக்கணும்."

எனக்குள் இருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

"மாசா மாசம் எடுத்து? என் மகளுக்கு விட்ட குழாய அத்தன பிள்ளைகளுக்கும் விடவா? அவனுக்குக் காய்ச்சல் அடிச்சிச்சுக்கா! சத்தமில்லாம ஒண்ணும் வரல. பத்து நாளா அடிச்சிச்சு. அன்னிக்கே ஒரு சொட்டுப் பாத்திருந்தாப் போதும். ஒங்க சீட்டு இல்லாட்டி பாத்திருப்போம்." மூச்சு வாங்கிவிட்டு, கேட்கக் கூடாததையும் கேட்டேன். "ஒங்க மகனுக்கும் காய்ச்சல் வந்திருக்கும்ல?"

தண்ணீர்க் குழாய் திறந்தே கிடந்தது. அவர் மூடவில்லை. நான் போய் மூடினேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மூணு தடவ வந்துச்சு. பல்லு மொளைக்குதுன்னு நெனச்சேன். நாந்தான் வீட்டுல இருந்த மருந்தக் குடுத்தேன். அப்ப இங்க லேப்பு தொறந்த புதுசு, ஒத்த ஆளு. ஊரு மூத்திரத்தையெல்லாம் பாத்தேன் ஆத்தா. அவனுத ஒரு தடவகூட எடுத்துப் பாக்கல."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத யார்ட்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அவரும் என்னைப் பற்றிக் கேட்கவில்லை. சின்ன டாக்டரிடம் சீட்டைக் காட்டியது யார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் நொறுங்கிப்போயிருப்பேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவர் நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னவருக்கு அதற்குப் பிறகு முடியாது என்று நம்பினேன். இரண்டே வாரத்தில் குரங்கணியில் முகாம் என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கீழே அவர் கையெழுத்து. என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. போய்த் தடுக்கவும் இல்லை. தடுக்க வேண்டுமென்றால் அவர் சொன்னதை ஊருக்குச் சொல்ல வேண்டும், நான் செய்ததையும் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளைகளுக்கு அவர் பை ஒட்டிக்கொண்டே இருந்தார். மருந்து குடித்து வயிறு கெட்டு வந்த பிள்ளைகளுக்கு நான் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இப்படியே ஏழெட்டு வருஷம் ஓடியது.

போன ஐப்பசி மழையில் லேப்பு அக்கா செத்துப்போனார். காலையில் லேப்பைத் திறக்க வந்தவர் கதவுப்படியிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். செய்தி மலைக்கு எப்படிப் போனதோ, மதியத்துக்குள் மூன்று ஜீப்பு நிறையப் பெண்கள் இறங்கி வந்துவிட்டார்கள். தோட்டத்தில் கூலி போனாலும் போகட்டும் என்று வந்தவர்கள். சொந்தக்காரர்கள் நாலு பேர்கூட இல்லாத அந்த வீட்டில் அவர்கள்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

செல்வியும் வந்திருந்தாள். மகனுக்கு இப்போது எட்டு வயதுக்கு மேலாகிறது. வயதுக்குக் கொஞ்சம் சிறுத்த உடம்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவனுக்குப் பிரஷர் பார்க்க எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிவருகிறாள். சிறுநீரகம் கெட்ட பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பிரஷர் ஏறும். வேறு நர்ஸ் சும்மா இருந்தாலும் அவள் என் மேஜை காலியாகும்வரை காத்திருப்பாள். என்மேல் இருக்கிற நம்பிக்கை என்று நினைத்திருந்தேன்.

மகனைப் பிணத்தின் காலடிக்குத் தள்ளி, "கும்பிட்டுக்கடா. எங்கள மதிச்சு மலையேறி வந்த ஒரே ஆளு" என்றாள். அவன் கும்பிட்டான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து பக்கத்துக் கடை வாசலில் ஒதுங்கினேன். கொஞ்ச நேரத்தில் செல்வி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். மழை விட்டபாடில்லை.

அப்போது சொல்லிவிட்டேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. செத்தவர்மேல் எல்லாம் போய்விடும், நமக்குப் பயமில்லை என்று தோன்றியதாலேயே சொல்லியிருக்கலாம்.

"செல்வி, அன்னிக்கு டாக்டர் யூரின் பாக்கலாம்னுதான் சொன்னாரு. வேண்டாம்னு சொன்னது நாந்தான். ரெண்டு தடவையும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அங்கனதான சிஸ்டர் நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள். "எங் காதுலயும் விழுந்துச்சு. அப்பப் புரியல. தேனியில ஒரு டாக்டரம்மா வெவரஞ் சொன்னப்பப் புரிஞ்சிச்சு."

"இத்தன வருசமா ஒரு வார்த்த கேக்கலையே."

"கேட்டு?"

அவள் தலைத்துணியைப் பிழிந்து மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

"அந்தக்கா எழுதிக் குடுத்துச்சு, செத்துப்போச்சு. நீங்க இருக்கீக. அதான் ஒவ்வொரு தடவையும் அவன ஒங்க முன்னாடி கொண்டாந்து ஒக்கார வைக்கிறேன். ஒங்க கையால பாத்து எழுதணும்ல."

உள்ளேயிருந்து மகன் "அம்மா" என்று கூப்பிட்டான். அவள் போகிற போக்கில் சாதாரணமாகக் கேட்டாள்.

"வர்ற செவ்வாக்கெழம அவனுக்குப் பிரஷர் பாக்குற நாளு. இருப்பீகல்ல?"